காலடியில் இருக்கும் புல்லுக்கும் பெயர் உண்டு

(தில்லியில் நம் சங்கத்தின் ஆவணி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் ஹாலுக்குப் பின்னால் இருக்கும் 200 கஜம் காலி இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்று கமிட்டி முன் ஒரு யோசனை வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த பொதுக்குழுவில் அது முடிவாகும். அதற்கு முன், அங்கே என்னதான் முளைத்திருக்கிறது என்று சொல்ல எனக்குப் பதினைந்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். நான் ஐம்பது வருஷத்துக்கு முன்பு தாவரவியலில் பி.எஸ்ஸி. படித்தவன். அதன் பிறகு சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். இடத்தை நேரில் பார்க்காமல் நோட் எழுதக் கூடாது என்பது உத்தியோகத்தில் பழகிய பழக்கம். ஆகவே இரண்டு வாரமாகத் தினமும் காலையில் ஒரு கைலென்ஸும் நோட்டுப் புத்தகமுமாக அங்கே போய் வந்தேன். எட்டு வகைப் புல்லும் இரண்டு வகைக் கோரையும் அங்கே இருக்கின்றன.

"புல்தானே, அதில் என்ன எட்டு, பத்து?" என்று கேட்கலாம். உலகத்தில் புல் குடும்பத்தில் 11,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கோரைக் குடும்பத்தில் 5,000-க்கு மேல். அரிசி, கோதுமை, கரும்பு, மூங்கில் எல்லாம் புல்தான். என். எல். போர் என்பவர் 1960-ல் இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான் புற்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அவரும் வனத்துறையில் அரசு உத்தியோகஸ்தராக இருந்தவர்தான். தில்லித் தாவரங்களுக்கென்றே ஜே. கே. மகேஸ்வரி எழுதிய நூல் 1963-ல் வந்தது. இவையெல்லாம் பண்டிதர்களுக்கானவை. நமக்கு விரல், கண், ஒரு சின்ன லென்ஸ் இவை போதும்.

முதலில் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். வழவழவென்று உருண்டால் பெரும்பாலும் புல். மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டால் கோரை. கோரையிலும் உருண்டைத் தண்டு உள்ளவை உண்டு. ஆகையால் ஒரு சோதனையோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்தது கணு. மூங்கிலில் இருப்பது போலப் புல்லின் தண்டில் கணுக்கள் தெரியும். கணுக்களுக்கு நடுவில் பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். கோரைத் தண்டு அநேகமாகக் கணுவே இல்லாமல் பூங்கொத்து வரை ஒரே நீளமாக ஓடும். உள்ளே சோறு நிறைந்திருக்கும். மூன்றாவது இலை. மேலிருந்து பார்த்தால் புல்லின் இலைகள் இரண்டு வரிசை, கோரையின் இலைகள் மூன்று வரிசை. தண்டைச் சுற்றியுள்ள இலையுறை புல்லில் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். கோரையில் குழாய் மாதிரி மூடியிருக்கும்.

நான்காவது சோதனைக்குத்தான் லென்ஸ் வேண்டும். இலை, உறையை விட்டுப் பிரியும் இடத்தில் உட்பக்கம் சிறு நாக்கு மாதிரி ஒன்று இருக்கும். அதை லிக்யூல் என்பார்கள். சில புற்களில் அது மெல்லிய சவ்வு, சிலவற்றில் மயிர் வரிசை, சிலவற்றில் இருக்கவே இருக்காது. கதிர் வராத புல்லை இனம் காண இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஐந்தாவது கதிர். தில்லியில் மழைக்குப் பிறகு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அநேகமாக எல்லாப் புல்லும் கதிர் விட்டிருக்கும். பழகுவதற்கு அதுவே நல்ல காலம்.

இனி நம் இடத்துக்கு வருகிறேன்.

நடைபாதை ஓரத்தில் இருப்பது அருகு. இந்திக்காரர்கள் தூப் என்பார்கள். ஒரே புள்ளியிலிருந்து நாலைந்து மெல்லிய விரல்கள் போலக் கதிர்கள் பிரியும். லிக்யூல் குட்டையான மயிர் வரிசை. இதே போல விரல் விரலாகக் கதிர் விடும் வேறு மூன்று புற்களும் அங்கே உண்டு. ஒன்றில் விரல்கள் குட்டையாக, தடியாக, நுனியில் முள் போல நீட்டிக்கொண்டு காக்காய்க் கால் மாதிரி இருக்கும். அது டாக்டிலோக்டீனியம். இரண்டாவது அடித்தண்டு தட்டையாக, காலால் மிதித்துப் பரப்பியது போலக் கிடக்கும் எல்யூசின். இது கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. மூன்றாவது டிஜிடேரியா; இலையுறையில் மயிர் இருக்கும், லிக்யூல் சவ்வாக இருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல் என்று வாங்கும் கட்டைப் பிரித்து ஒரு தடவை இந்த அடையாளங்களைப் பாருங்கள். எத்தனை பேர் உள்ளே கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

குழாயடி ஈரத்தில் லிக்யூலே இல்லாத ஒரு புல் இருக்கிறது. சில செடிகளில் இலையின் குறுக்கே ஊதாப் பட்டைகளும் காணலாம். எகினோக்ளோவா கொலோனா என்று பெயர். நவராத்திரி விரதத்துக்கு இங்கே சாமா சாவல் என்று விற்கிறார்களே, நம் ஊர்க் குதிரைவாலி, அதன் காட்டு மூதாதை இதுதான். சற்று மேட்டில் பிரஷ் மாதிரிக் கதிர் விட்டிருப்பது கொழுக்கட்டைப் புல். ராஜஸ்தானில் மாடுகளுக்கு உயர்ந்த தீவனம்.

கோரை இரண்டில் ஒன்று சைபரஸ் இரியா. கதிர் மஞ்சளாக இருக்கும். மற்றது நம் கோரைக்கிழங்கு, இந்தியில் மோத்தா. கதிர் செம்பழுப்பு. தோண்டினால் வாசனையுள்ள கிழங்குகள் சங்கிலி போல வரும். ஆயுர்வேதத்தில் முஸ்தா என்று பெயர் பெற்ற மருந்து; 1977-ல் வெளியான உலகக் களைகள் பற்றிய நூல் ஒன்றில் முதல் இடம் பெற்ற களையும் இதுவே. மேலே இருப்பதை மட்டும் பிடுங்கினால் பிரயோஜனமில்லை. கிழங்கு மறுபடி முளைக்கும். எது என்று தெரிந்தால்தான் எப்படி எடுப்பது என்றும் தெரியும்.

கடைசியாகக் கிழக்குச் சுவர் ஓரம். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்பது மூஞ்ஜ். உபநயனத்தில் பிரம்மசாரிக்குக் கட்டும் மௌஞ்ஜி இந்தப் புல்லின் பெயரால் வந்தது. நாம் உட்காரும் மோடாவும் இதன் தட்டையும் கயிறும்தான். தூக்கணாங்குருவி இதன் இலையைக் கிழித்துக் கூடு பின்னும். அதன் பக்கத்தில் இருக்கும் விறைப்பான கொத்துதான் டெஸ்மோஸ்டாக்யா, அதாவது குசம் என்னும் தர்ப்பை. கதிர் நெட்டையாக, குறுகலாக, குட்டைக் கிளைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இலை விளிம்பில் நுனியிலிருந்து அடிவரை விரலை ஓட்டினால் அறுக்கும்.

தர்ப்பை என்ற பெயரில் இன்னொரு புல்லும் வழங்குகிறது, இம்பரேட்டா. அதன் கதிர் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும். இலையின் நடு நரம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். காய்ந்த இலையிலும் இது தெரியும். அமரகோசம் குசம், தர்ப்பம் இரண்டையும் ஒரே பொருளாகத்தான் சொல்கிறது. ஆகவே எது சரி என்ற தீர்ப்பை வாத்தியார்களிடம் விட்டுவிடுகிறேன். கிரகணத்தில் தர்ப்பை கதிர்வீச்சைத் தடுக்கும் என்பது போன்ற பேச்சுக்கும் நான் போகவில்லை. அதன் பெருமைக்கு அது தேவையும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வடநாட்டில் ஆவணி அமாவாசையை ஒட்டி, வருஷத்துக்கு வேண்டிய குசத்தைப் பறித்து வைப்பது வழக்கம். குசக்ரஹணி அமாவாசை என்றே பெயர். மழைக்காலத்தில் கதிரோடு நிற்கும் நேரம் அது. வேறு புல்லோடு குழம்ப வழியில்லை. கையை அறுத்துக்கொள்ளாமல் சரியான குசத்தைக் கொண்டுவரத் தெரிந்தவனே குசலன் என்று அந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கமும் உண்டு. நாம் ஒருவரையொருவர் "குசலமா?" என்று விசாரிக்கிறோம். தர்ப்பணத்துக்கு ஊரிலிருந்து கட்டு வரவழைக்கிறோம். பின் சுவர் ஓரத்தில் நிற்பதைக் களை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

விசேஷங்களுக்கு ஷாமியானா போடவும், வண்டி நிறுத்தவும் இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. நான் அதை எதிர்க்கவில்லை. என் சிபாரிசு இது: முன்பக்கம் டைல்ஸ் பதிக்கட்டும். கிழக்குச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்தில் மண்ணை அப்படியே விட்டுவிடலாம். அங்கே களைக்கொல்லி தெளிக்க வேண்டாம். நடுவில் முளைத்திருக்கும் பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தாராளமாகப் பிடுங்கலாம். அதற்கு நானும் வருகிறேன். குசத்தின் வேர்த்தண்டு ஆழத்தில் ஓடுவது, இலையை அறுத்தால் மறுபடி வரும். அதன் மேல் சிமெண்ட் போட்டுவிட்டால் அதோடு சரி.

ஓட்டுப் போடுமுன் ஒரு தடவை நேரில் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்கு அங்கே இருப்பேன். லென்ஸ் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகளை அவசியம் அழைத்து வாருங்கள். குனிந்து பார்ப்பதற்கு நம்மைவிட அவர்களுக்குத்தான் சௌகரியம்.