கேமராவுக்குத் தேவை பேட்டரி கிரிப்பா, இன்னொரு பேட்டரியா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கு ஒரு பொருள் வாங்க வேண்டும் என்றால் நாம் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குவோம். எது குறைவோ அதைத் தேர்ந்தெடுப்போம். ஆனால், ‘இந்தப் பொருள் நமக்குத் தேவையா?’ என்ற கேள்விக்கு எந்த விலைப்புள்ளியிலும் பதில் இருக்காது. அந்தப் பதிலை நாம்தான் தேட வேண்டும். அதை மாணவர்களோடு சேர்ந்து தேடினால் அதுவே நல்ல பாடமாகிவிடும். எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை வைத்து இதைச் சொல்கிறேன்.

மயிலாப்பூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் அரசுப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் ஒரு கேமரா கொடுத்தார்கள். கேனான் 1500டி. எட்டு மாணவர்கள் கொண்ட ஒரு குழு அதைக் கையாள்கிறது. கலைத் திருவிழா, ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றையும் அவர்கள்தான் படமெடுக்கிறார்கள். இந்த ஆண்டு முன்னாள் மாணவர்கள் மறுபடியும் கொஞ்சம் பணம் தந்தார்கள். “என்ன வாங்கலாம்?” என்று குழுவிடம் கேட்டேன். “பேட்டரி கிரிப் வாங்கலாம் மிஸ்!” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

பேட்டரி கிரிப் என்பது கேமராவின் அடியில் பொருத்தும் ஒரு கைப்பிடி. அதற்குள் இரண்டு பேட்டரிகள் போடலாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கும்போது விரலுக்கு எட்டும்படி இன்னொரு ஷட்டர் பொத்தானும் அதில் இருக்கும். கல்யாண வீடுகளில் படமெடுப்பவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள்.

மாணவர்கள் மூன்று காரணங்கள் சொன்னார்கள். நிகழ்ச்சி நடுவே பேட்டரி தீர்ந்துவிடுகிறது. மேடையில் தனியாக ஆடுகிறவரைச் செங்குத்தாக எடுக்கக் கை வலிக்கிறது. மூன்றாவதை ஒரு எட்டாம் வகுப்பு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அது இருந்தா நம்மளையும் போட்டோகிராபர்னு மதிப்பாங்க மிஸ்.” மூன்றுமே நியாயமான காரணங்கள். அதனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “ஒரு நோட்டுப் போடுங்கள். மூன்று நிகழ்ச்சிகளுக்கு, எத்தனை படம் எடுத்தோம், பேட்டரி எப்போது தீர்ந்தது என்று எழுதுங்கள்” என்றேன்.

இந்தக் கேமராவின் பேட்டரி 7.4 வோல்ட், 860 மில்லி ஆம்பியர் மணி. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் பயன்படுத்திச் சோதித்துச் சொல்லும் கணக்கு அது. திரையைப் பார்த்தபடி எடுத்தால் அதில் பாதிகூட வராது.

மாணவர்களின் நோட்டு என்ன சொன்னது? பள்ளி அளவிலான கலைத் திருவிழா நாளில் 210 படங்களிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆண்டு விழா ஒத்திகையில் 180 படங்கள், நடுநடுவே வீடியோ. மூன்றாவது, பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள். கபாலீசுவரர் கோயில் தேரைப் பார்க்க, பெற்றோர் ஒப்புதலோடு காலையில் மாட வீதிக்குப் போனோம். அன்று 460 படங்கள் எடுத்த பிறகும் பேட்டரி தீரவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? விடையை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். வெயிலில் திரை சரியாகத் தெரியாததால் தேரடியில் எல்லோரும் வியூஃபைண்டர் வழியாகவே எடுத்தார்கள். பள்ளி அரங்கில் திரையைப் பார்த்தபடி எடுத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் நான்கு பேர் கூடிப் பார்த்தார்கள். வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். பேட்டரியைத் தின்றது படமெடுத்தல் இல்லை, திரையும் வைஃபையும்தான். பழக்கத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குக் காசு வேண்டாம்.

அடுத்து, கிரிப் என்ன செய்கிறது என்று பார்த்தோம். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம் இங்கே கைகொடுத்தது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் 14.8 வோல்ட் ஆகிவிடும். கேமரா அதைத் தாங்காது. ஆகவே கிரிப்பில் மின்னழுத்தம் 7.4 வோல்ட்டாகவே இருக்கும். கூடுவது கொள்ளளவு மட்டும்: 860 இரண்டு மடங்காகி 1720. அப்படியானால் கிரிப்பில் இரண்டு பேட்டரி போட்டாலும், ஒன்றைக் கேமராவிலும் இன்னொன்றைச் சட்டைப் பையிலும் வைத்தாலும் மொத்த ஆற்றல் ஒன்றுதான். கிரிப் ஆற்றலைத் தருவதில்லை. நடுவில் பேட்டரி மாற்றும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது. அந்த அரை நிமிடத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். கிரிப் வாங்கினாலும் இரண்டாவது பேட்டரியைத் தனியாக வாங்கத்தான் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கள் கேமராவுக்கென்று இன்னும் சில சிக்கல்கள் இருந்தன. இந்த மாடலுக்குக் கேனான் நிறுவனம் கிரிப் தயாரிக்கவில்லை. ரிச்சி தெருவிலோ இணையத்திலோ கிடைப்பது பிற நிறுவனங்கள் செய்தவை. கேமராவில் அதற்கான மின் தொடர்பு இல்லாததால், செங்குத்துப் பொத்தான் வேலை செய்ய வெளியே ஒரு சிறு கேபிளைச் செருக வேண்டும். தவிர, இதில் பேட்டரியும் மெமரி கார்டும் ஒரே மூடிக்குள் இருக்கின்றன. கிரிப்பை மாட்டிவிட்டால், கார்டை எடுக்க ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும். தினமும் கணினியில் படங்களை ஏற்றும் குழுவுக்கு இது பெரிய தொந்தரவு.

கடைசியாக எடை. பேட்டரியோடு கேமரா மட்டும் 475 கிராம், லென்ஸ் தனி. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற அதிகாரி மதராஸ் மாகாண அரசுக்காகத் தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படமெடுத்தபோது கருவிகளை மாட்டு வண்டிகளில் கொண்டு போனார். எங்கள் கேமராவைச் சுமப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் கழுத்துகள். கிரிப்பையும் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தால் சிறிய கைகளுக்குப் பிடி கிடைப்பது கடினம். அப்போது என்ன நடக்கும்? உயரமான இரண்டு பையன்கள் கையில் மட்டும் கேமரா இருக்கும். மற்ற ஆறு பேரும் பார்வையாளர்கள் ஆவார்கள். எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். எட்டுப் பேர் கற்றுக்கொள்வதற்காக வந்த கேமரா இரண்டு பேருக்குச் சொந்தமாகிவிடக் கூடாது.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களையே முடிவு செய்யச் சொன்னேன். கிரிப் வேண்டாம், நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்று, கூடுதலாக ஒரு மெமரி கார்டு என்று முடிவானது. செங்குத்துப் படத்துக்கு வழி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடது கையால் லென்ஸை அடியில் தாங்குவது. இரண்டு வாரப் பயிற்சியில் கை வலி என்ற பேச்சு குறைந்தது.

பேட்டரி மாற்றும் அரை நிமிடத்துக்கும் அந்த எட்டாம் வகுப்பு மாணவியே ஒரு வழி சொன்னாள். பேட்டரி மாறும்போது ஆளும் மாற வேண்டும். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், சார்ஜ் இன்னும் மிச்சமிருக்கும்போதே பேட்டரியை மாற்றிவிடுவார்கள். கேமராவும் அடுத்தவர் கைக்குப் போகும். அவள் வரிசை வந்த நாளில், மேடைக்கு முன்னால் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள். மதிப்புக்குக் கிரிப் தேவைப்படவில்லை.

கிரிப் வீண் பொருள் என்று நான் சொல்லவில்லை. நிகழ்ச்சி முழுவதையும் முக்காலியில் வைத்துப் பதிவு செய்பவருக்கு அது உதவும். பல கேமராக்களில் பேட்டரி மூடி அடியில் இருப்பதால் முக்காலியிலிருந்து கழற்றித்தான் மாற்ற முடியும். கிரிப்பில் பக்கவாட்டிலேயே மாற்றலாம். கனமான லென்ஸ் போடுபவருக்குப் பிடியும் சமநிலையும் கிடைக்கும். கேனான் 80டி போன்ற கேமராக்களுக்கு அந்த நிறுவனமே கிரிப் தயாரித்திருக்கிறது. அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆறு ஏஏ செல்களைப் போட்டும் அதை இயக்கலாம். அரங்கில் மின் இணைப்பு அருகில் இருந்தால், பேட்டரிக்குப் பதிலாகச் செருகும் மின் இணைப்புக் கருவியும் உண்டு. உங்கள் பள்ளியின் தேவை எதுவோ, விடையும் அதுவே.

பேட்டரி வாங்கும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. இவை லித்தியம் அயனி பேட்டரிகள். சென்னை வெயிலில் மூடிய வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு முன் பாதியளவு சார்ஜோடு, கேமராவிலிருந்து கழற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உப்பியிருந்தால் பயன்படுத்தவே வேண்டாம்.

நண்பர்களே, ஸ்மார்ட் போர்டு, ஒலிபெருக்கி, விளையாட்டுப் பொருள் என்று நாளை எது வாங்கினாலும் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். இப்போது இருப்பது எங்கே போதவில்லை என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். வாங்கப் போகும் பொருள் எத்தனை மாணவர்களின் கைக்கு எட்டும் என்றும் கேளுங்கள். பொதுப் பணத்தில் வாங்கும் எந்தப் பொருளுக்கும் இந்தக் கடைசிக் கேள்வி பொருந்தும்.