படியெடுப்போன் பிழையும் திருத்துவோன் கண்ணும்



மொழியியல் பயின்ற நாம் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் ஆற்றிய உரையின் முடிவில் ஆசிரியை ஒருவர் எழுந்தார். தம் தாய்க்கும் தாய்மாமனுக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்ததாகக் கூறி, "ஐயா, 'பரம்பரைப் புற்றுநோய்' என்று எழுதுகிறீர்களே, பரம்பரையாக வருவது புற்றுநோய்தானா?" என்று வினவினார். நாம் 'பரம்பரை' என்னும் சொல்லின் வரலாற்றை விரித்துரைத்துவிட்டு அமர்ந்தோம். அவர் கேட்டது சொல்லின் வரலாற்றை அன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் எமக்கு உறைத்தது. அன்று தரத் தவறிய விடையை இன்று தர முயல்கிறோம்.

அவ்விடை பால் மாட்ரிச் என்னும் மூலக்கூற்று உயிரியலாளரின் ஆய்வில் இருக்கிறது. அவர் 1946-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ராட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். டி.என்.ஏ. பற்றிக் கற்றுக்கொள் என்று 1963-இல் மகனுக்கு வழிகாட்டியவர் அவரே. ஆசிரியர்கள் நிறைந்த அவையில் இதனைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மாட்ரிச், தாமஸ் லிண்டால், அசீஸ் சான்ஜார் ஆகியோருடன் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்ற இருவரும் முதன்மையாக ஆராய்ந்தது, டி.என்.ஏ. தானே சிதைவதையும் புற ஊதாக் கதிர் போன்றவற்றால் ஊறுபடுவதையும் உயிரணு எவ்வாறு சரிசெய்கிறது என்பதை. மாட்ரிச் ஆராய்ந்ததோ படியெடுக்கும்போது நேரும் பிழையை. கலைச்சொற்குழு ஒன்றில் நாம் இருந்த காலத்தில் இவ்விரண்டுக்கும் 'பழுதுபார்த்தல்' என்னும் ஒரே சொல்லைப் பரிந்துரைத்தோம். அது எம் பிழை. ஓலை செல்லரிப்பது வேறு. எழுதுவோன் கை தவறுவது வேறு.

மனித உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் ஏறத்தாழ 600 கோடி எழுத்திணைகளைப் படியெடுக்க வேண்டும். அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணைதல் முறை. படியெடுக்கும் நொதி தவறினால் உடனே பின்னே திரும்பித் தானே அழித்து எழுதும். அதற்கும் தப்பும் பிழைகள் சில உண்டு. அவற்றை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதே மாட்ரிச் விளக்கிய திருத்த முறை.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. குவானினுக்கு எதிரே தைமின் நின்றால் பிழை உண்டென்று தெரியும். எது பிழையென்று தெரியாது. இரண்டு சுவடிகள் வேறுபடும்போது பதிப்பாசிரியர் முதலில் கேட்பது, எது தாய்ச்சுவடி, எது அதன் படி என்பதைத்தானே? படியைக் கொண்டு தாய்ச்சுவடியைத் திருத்திவிட்டால் பிழை நிலைத்துவிடும்.

குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரி இதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அதன் டி.என்.ஏ.யில் குவானின், அடினின், தைமின், சைட்டோசின் என்னும் நான்கும் இம்முறையில் வருமிடங்களில், அடினின்மீது மெத்தில் என்னும் சிறு குறி இடப்படும். புதிதாய் எழுதிய இழையில் அக்குறி விழச் சற்று நேரமாகும். ஆகவே குறியற்ற இழையே புதியது, திருத்தவேண்டியதும் அதுவே. அந்த இடைவேளைக்குள் மட்-எஸ் என்னும் புரதம் பிழையைக் காண்கிறது, மட்-எல் துணைநிற்கிறது, மட்-எச் குறியற்ற இழையை வெட்டுகிறது. பிழையுள்ள பகுதி நீக்கப்பட்டுப் புதிதாய் எழுதப்படுகிறது. மாட்ரிச் குழுவினர் 1983-இல் உயிரணுச் சாற்றில் இதனை நிகழ்த்திக் காட்டினர். 1989-இல் தூய்மையாகப் பிரித்தெடுத்த கூறுகளை மட்டும் ஒன்றுசேர்த்துச் சோதனைக் குழாயில் முழுமையாய் நிகழ்த்தினர். மனித உயிரணுவில் வழிகாட்டும் குறி மெத்தில் அன்று. புதிய இழையிலுள்ள வெட்டுவாயே வழிகாட்டியாகக்கூடும் என்பதை அவருடைய ஆய்வகச் சோதனைகள் காட்டின.

இனி அந்த ஆசிரியையின் வினாவுக்கு வருவோம். 1895-இல் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியலாளர் ஆல்டிரெட் வார்தினிடம் தையற்காரப் பெண் ஒருவர், தம் குடும்பத்தார் பலரும் புற்றுநோயால் மாண்டதைக் கூறி, தமக்கும் அதுவே முடிவென்றார். அவ்வாறே கருப்பைப் புற்றுநோயால் இளவயதில் மறைந்தார். வார்தின் அக்குடும்பத்தைப் பற்றி 1913-இல் எழுதினார். பின்னர் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை ஆராய, அவர் பெயரே இந்நிலைக்கு அமைந்தது. காரணம் மட்டும் விளங்கவில்லை.

1993-இல் ஒரு தடயம் கிடைத்தது. இக்குடும்பத்தாரின் கட்டிகளில், ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் கூடியும் குறைந்தும் காணப்பட்டன. சுவடி பெயர்த்து எழுதியோர் அறிவர்: ஒரே சொல் அடுக்கி வருமிடத்தில்தான் கண் தாவும். அங்கே நேரும் பிழைகள் எஞ்சி நிற்கின்றன எனில், திருத்துவோன் இல்லை என்பது பொருள். மாட்ரிச்சும் பெர்ட் ஃபோகல்ஸ்டைன் குழுவினரும் இணைந்து, அக்கட்டி உயிரணுக்களில் திருத்தத் திறன் இல்லாமையைக் காட்டினர். மட்-எஸ் புரதத்திற்கு ஒப்பான மனித மரபணு ஒன்று இக்குடும்பங்களில் குறைபட்டிருப்பதும் அவ்வாண்டிலேயே அறியப்பட்டது.

ஆகவே, அம்மையீர், பரம்பரையாக வருவது புற்றுநோய் அன்று. திருத்தும் மரபணுவின் குறைபட்ட ஒரு படி. பெற்றோரில் ஒருவரிடம் அது இருப்பின், பிள்ளைக்கு வருவதற்குப் பாதி வாய்ப்பு. வாராதிருக்கவும் பாதி வாய்ப்பு. வந்தாலும் மற்றவரிடமிருந்து பெற்ற நல்ல படி வேலை செய்துகொண்டிருக்கும். ஏதேனும் ஓர் உயிரணுவில் அதுவும் கெடும்போதே பிழைகள் குவியத் தொடங்குகின்றன. குறையுள்ளதென்று அறிந்தவர், காலந்தோறும் பெருங்குடல் அகநோக்கிச் சோதனை செய்து, தீய கட்டியாகுமுன் சிறு வளர்ச்சிகளை அகற்றிக்கொள்ளலாம். 'பரம்பரைப் புற்றுநோய்' என்னும் தொடர் இவை அனைத்தையும் மறைத்து, விதி என்னும் தோற்றத்தையே தருகிறது.

இன்னொன்றும் உண்டு. பிழை மலிந்த கட்டி, உடலுக்கு அயலான புரதங்களையும் மிகுதியாக ஆக்குகிறது; அதனால் நோய் எதிர்ப்பாற்றலின் கண்ணில் எளிதாகப் படுகிறது. அவ்வாற்றலின் தடையை நீக்கும் பெம்புரோலிசுமாப் என்னும் மருந்துக்கு, 2017-இல் அமெரிக்காவில், கட்டி எவ்வுறுப்பில் இருப்பினும் இக்குறை இருந்தால் தரலாம் என ஒப்புதல் கிடைத்தது.

பழைய பரிந்துரையை மாற்றிப் 'படிப்பிழைத் திருத்தம்' என்று முதலில் குறித்தோம். மாணவர் அதனை வாசிப்புப் பிழை என்று கொள்வர் என்பதால், 'படியெடுப்புப் பிழைத்திருத்தம்' என்று மாற்றியுள்ளோம். சற்றே நீளம்தான். இதனினும் நல்ல சொல் அவையோரிடம் இருப்பின், கலந்துரையாடலில் கூறுக.