பார்டர் பரோட்டாவும் பனங்கள்ளும்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பந்தி போட இன்னும் கால்மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ஏதாவது பேசுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பேசினாலும் எடுபடாது.

நேற்று இரவு நம் வகுப்புத் தோழர் ஒருவர் நாசிக் போய்வந்த கதையைச் சொன்னார். அங்கே சூலா என்ற கம்பெனி 1999-இல் தொடங்கியது. 2005-இல் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே ஒயினை ருசி பார்க்கும் கூடத்தைத் திறந்தார்கள். இப்போது சாப்பாட்டுக் கடையும் உண்டு. கொடியைப் பார்த்துக்கொண்டே அதன் ரசத்தைக் குடித்துச் சாப்பிடலாம். "நம்ம குத்தாலத்துல அப்படி ஒண்ணு இல்லையேவே" என்று அவருக்கு ஒரே குறை.

சாப்பாட்டில் நமக்கு என்ன குறை? சாரல் நேரத்தில் குளித்துவிட்டு நேராகப் பிரானூர் பார்டருக்குத்தானே போகிறோம்! வாழை இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழியோ காடையோ வைத்தால் வேறென்ன வேண்டும்? ஆனால் அங்கே இப்போது பார்டர் எதுவும் கிடையாது. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்து எல்லை அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. எல்லை புளியரைக்கு மேலே மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது.

அந்த மலையைத் தாண்டி, ஆரியங்காவு வழியாகப் புனலூர்ப் பக்கம் இறங்கினால் இன்னொரு வகைச் சாப்பாடு: கள்ளுக்கடைச் சாப்பாடு. அவித்த கப்பை, குடம்புளி போட்ட மீன்கறி, காரமான வறுவல். கள்ளுக்குத் தொடுகறியாக வந்தது, இன்று அதற்காகவே ஆள் தேடிப் போகிற அளவுக்குப் பெயர் எடுத்துவிட்டது. கோட்டயம், குட்டநாடு பக்கம் பெண்டு பிள்ளைகளோடு போய்ச் சாப்பிடுகிற கடைகளும் இருக்கின்றன. நாசிக்காரர் செய்வதை அவர்கள் எப்போதோ ஓலைக்கூரைக்குக் கீழே செய்துவிட்டார்கள். ஒரு வித்தியாசம், ஒயினுக்கு வயது ஏற ஏற மதிப்பு. கள்ளுக்கு ஆயுசே ஒரு நாள். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும்.

ரொம்பவும் புகழ வேண்டாம். அங்கே இறங்குகிற கள் அவர்களுக்கே போதாமல், பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டியில் தென் மாவட்டங்களுக்கு வருகிறது. கலப்படப் புகார்களும் உண்டு. ஆனாலும் 1996-இல் சாராயத்தை ஒழித்தபோது கள்ளை விட்டுவைத்தார்கள். நாம் 1987-இல் இரண்டையும் சேர்த்து மூடினோம். 2003-லிருந்து பாட்டில் சரக்கை அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. மரத்திலிருந்து இறங்குவது குற்றம், ஆலையிலிருந்து வருவது வியாபாரம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நம் சகோதரிகள் நினைக்க வேண்டாம். குடியால் கெட்ட குடும்பங்களை நானும் பார்த்தவன்தான். நான் பேசுவது பனையேறியைப் பற்றி. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நம் கல்லூரியில் படித்தார்கள். அப்பா பனையேறிச் சம்பாதித்த காசில் பீஸ் கட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒருவர்தான். விரல்நுனிச் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் போலீஸ் கேசுக்கும் நடுவே நிற்கிறது. இந்தப் பயத்தில் மகனை ஏறவிடாத அப்பாக்கள் எத்தனை பேர்! ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்குப் போனது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். நல்லதுதான். மரம் நிற்கும், ஏற ஆள்?

சட்டத்தை மாற்ற நம் சங்கத்தால் ஆகாது. சாப்பாட்டை மாற்ற ஆகும். வருஷா வருஷம் சீசனை நம்பி ஆடியில் கூடுகிறோம். அடுத்த தடவை சித்திரையில் கூடுவோம். அருவியில் தண்ணீர் இருக்காது, நூல் மாதிரிதான் விழும், பரவாயில்லை. மண்டபத்தை விட்டுவிட்டு ஒரு பனங்காட்டில் பந்தி போடுவோம். பனையோலைப் பட்டையில் நுங்கு போட்ட பதநீர், கருப்பட்டி ஆப்பம், மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. பதநீருக்கு உண்டான காசை இடையில் ஆள் வைக்காமல் இறக்கியவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். முதல் வருஷச் செலவில் பாதி என்னுடையது. மீதிக்குப் பொருளாளர் இப்போதே என்னை முறைக்கிறார்.

அதோ, இலை போட்டாச்சு என்று கை காட்டுகிறார்கள். வாங்க, போவோம்.