விளையாட்டு வீரர் பயிற்றுநராகும் வழி



மாலை வேளையில் தோட்டத்துத் திடலுக்குச் சென்று பார்த்தால், வெறுங்காலுடன் பந்தை விரட்டும் சிறுவர்களைக் காண்கிறோம். அவர்களுள் ஒருவன் மற்றவர்களைக் காட்டிலும் விரைந்து ஓடுகிறான். பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்று நாம் பேசிக்கொள்கிறோம். வரட்டும், நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆட்டம் ஓய்ந்த பிறகு அவன் எத்தொழிலைச் செய்து பிழைப்பான்? விளையாடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், பின்னர் விளையாட்டைக் கற்பிப்பவராக மாறுவது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று சற்றே சிந்திப்போம்.

ரப்பர் மரத்தின் கணக்கு நமக்குத் தெரிந்ததே. நட்ட ஆறேழு ஆண்டுகளில் வெட்டத் தொடங்கினால் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது பால் தரும். விளையாட்டாளரின் உடலுக்கு அத்துணை நீண்ட தவணை கிடையாது. 18 வயதில் தொடங்கி 35 வயது வரை முதல்தர ஆட்டத்தில் நிலைத்திருப்பவர் பெரும்பேறு பெற்றவர். முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் அதனையும் பாதியிலேயே முடித்துவிடக்கூடும். அதன்பின் முப்பது ஆண்டுக்கால உழைப்பு வாழ்க்கை எஞ்சி நிற்கிறது.

முன்னாளில் இக்கேள்வி இவ்வளவு கடுமையாக எழவில்லை. நமது காற்பந்து வீரர்களுள் பெரும்பாலோர் வங்கியிலோ அரசாங்க அலுவலகத்திலோ காவல் படையிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் பயிற்சிக்குச் சென்றனர். காலணியைக் கழற்றி வைத்த மறுநாளும் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. 1989ஆம் ஆண்டில் பகுதித் தொழில்முறைக் காற்பந்து தொடங்கியது. 1994ஆம் ஆண்டில் அது முழுத் தொழில்முறையாயிற்று. சம்பளம் உயர்ந்தது. அதே வேளையில், ஒப்பந்தம் முடிந்த நாளிலேயே வருமானமும் முடிந்துபோகும் நிலையும் வந்தது. சில குழுக்கள் மாதக் கணக்கில் சம்பளம் கொடுக்காமல் வீரர்களைத் தவிக்க விட்ட செய்திகளையும் நாளேடுகளில் நாம் வாசித்திருக்கிறோம். தொழில்முறை என்னும் சொல்லின் பளபளப்பை மட்டும் பார்த்துப் பிள்ளைகளை அனுப்புவது போதாது என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

ஆடத் தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்று எண்ணுவது இயல்பு. தோட்டத்தில் நாம் காண்பது வேறு. கைதேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரிடம் புதியவர் ஒருவரை ஒப்படைத்துப் பாருங்கள். கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று புதியவர் கேட்டால், "இப்படித்தான்" என்று கூறித் தாமே வெட்டிக் காட்டுவார். அவருடைய கைக்குத் தெரிந்தது அவருடைய வாய்க்கு வருவதில்லை. புதியவரின் கத்தியோ கட்டையைத் தொட்டுவிடுகிறது. மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. வேறொருவர் அவ்வளவு வேகமாக வெட்டுபவர் அல்லர். ஆயினும் வெட்டின் சரிவு இது, மணிக்கட்டு இப்படி இருக்க வேண்டும், கால் இங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல அவரால் முடிகிறது. அவரிடம் பழகியவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர்.

திடலிலும் இதுவே நிகழ்கிறது. பிறவித் திறமையால் உயர்ந்த ஆட்டக்காரர், சாதாரணப் பிள்ளை ஒரே பிழையைப் பத்து முறை செய்யும்போது சினம் கொள்கிறார். தமக்கு எளிதாக வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்பது அவருக்குப் புரிவதில்லை. பயிற்றுநராக மாறுபவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். தாம் எண்ணாமல் செய்து வந்தவற்றை எண்ணிப் பார்த்து, சொல்லாக்கி, சிறு பகுதிகளாகப் பிரித்துத் தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. நேற்றுவரை கைதட்டல் பெற்றவரை, பத்து வயதுப் பிள்ளை யாரென்றே அறியாது. அதனைத் தாங்கிக்கொள்ளும் மனமும் வேண்டும். நமது கருத்தில், பலருக்குக் கடினமான பகுதி இதுவே.

நமது நாட்டின் கே. ராஜகோபாலைப் பாருங்கள். சிலாங்கூர் மாநிலத்திற்கும் தேசியக் குழுவிற்கும் ஆடிய அவர், பின்னர்ப் பயிற்றுநரானார். 2009ஆம் ஆண்டில் வியந்தியானில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவருடைய இளைஞர் குழு வியட்நாமை 1-0 என்று வென்று, 20 ஆண்டுகளுக்குப் பின் காற்பந்துத் தங்கத்தைக் கொணர்ந்தது. மறு ஆண்டு, டிசம்பர் முதல் நாள், ஆசியான் கிண்ணத்தின் தொடக்க ஆட்டத்திலேயே ஜக்கார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று நமது குழு தோற்றது. ஆட்டக்காரராக இருந்திருந்தால் மறுநாள் தாமே திடலில் இறங்கி ஓடித் தீர்த்துக்கொள்ளலாம். பயிற்றுநரால் அது இயலாது. கோட்டுக்கு வெளியே நின்று, மனமுடைந்த இளைஞர்களை மீண்டும் எழுப்ப வேண்டும். தாய்லாந்துடன் சமநிலை கண்டு, லாவோசை 5-1 என்று வென்று, அரையிறுதியில் வியட்நாமைக் கடந்து, நமது குழு மீண்டும் அதே இந்தோனேசியாவை இறுதியில் சந்தித்தது. புக்கிட் ஜாலிலில் 3-0, ஜக்கார்த்தாவில் 1-2. மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக நமக்குக் கிடைத்தது. நாடே ஒருநாள் விடுமுறை கொண்டாடியது. முதல் தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே இருந்தவை நான்கே வாரங்கள். அந்த நான்கு வாரங்களில் நடந்ததுதான் பயிற்றுநர் பணி.

பினாங்கைச் சேர்ந்த நிக்கோல் டேவிட் காட்டுவது வேறொரு வழி. சுவர்ப்பந்தில் எட்டு முறை உலக வெற்றியாளர். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல்நிலை வீராங்கனை. அவருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்த லிஸ் இர்விங் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணியும் முன்னாளில் சிறந்த வீராங்கனையே. நிக்கோல் 2019ஆம் ஆண்டில் 35 வயதில் ஓய்வு பெற்றார். 2022ஆம் ஆண்டில் தம் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறுவர் சிறுமியருக்குச் சுவர்ப்பந்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மட்டையோடு மொழியையும் சேர்த்ததே இதில் நமக்கு மிகவும் பிடித்தது. அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் வீரர்களாவர் என்பது யாருக்கும் தெரியாது. மொழி எல்லாருக்கும் மிஞ்சும்.

இனி, நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்திக்கு வருவோம். மகனையோ மகளையோ குழு ஒன்று அழைத்தவுடன், தேர்வு எதற்கு என்று பள்ளியைக் கைவிடச் செய்யும் பெற்றோர் உளர். இங்கேதான் வழி அடைபடுகிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து அரசாங்கப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். பெட்டி நிறையப் பதக்கங்கள் இருந்தாலும் அவை அதற்கு ஈடாகா. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்றவற்றில் பயிற்சியும் படிப்பும் ஒருங்கே நடைபெறுவதன் காரணமும் இதுவே.

பயிற்றுநராவதற்கு வேறு வாயில் உண்டு. தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழுள்ள பயிற்றுநர் கல்விக்கூடம் படிப்படியாகச் சான்றிதழ் அளிக்கிறது. அதில் விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி: தசை எவ்வாறு இயங்குகிறது, பிள்ளையின் உடல் எவ்வளவு சுமையைத் தாங்கும், காயம் பட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பன போன்றவை. அந்தந்த விளையாட்டின் நுட்பம் மற்றொரு பகுதி. காற்பந்துக்கு ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சி, பி, ஏ உரிமங்களும் அவற்றுக்கு மேல் தொழில்முறை உரிமமும் உள்ளன. முதல் படியை ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. ஓய்வுக்குப் பிறகு, கையில் காசு கரையும் நேரத்தில் வகுப்புக்குச் செல்வது எளிதன்று. வகுப்புகளும் பாடநூல்களும் பெரும்பாலும் தேசிய மொழியில் இருத்தலால் அம்மொழியில் தேர்ச்சி இன்றியமையாதது.

பள்ளிகளிலும் தனியார் பயிற்சிக்கூடங்களிலும் மணிக்கணக்கில் கூலி பெறும் பயிற்றுநர்க்குப் பெரும்பாலும் முதலாளி என்று ஒருவர் இரார்; ஊழியர் சேமநிதிக்கு அவருக்காகப் பங்கு செலுத்துவாரும் இரார். தாமாகவே செலுத்த வழியுண்டு. சிறு தொகையாயினும் முதல் மாதத்திலிருந்தே செலுத்துதல் வேண்டும்.

மாவட்ட, மாநில அளவில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் பிள்ளைகள் பெற்ற சான்றிதழ்களை உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். லயத்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிய தாள் இரண்டு மழைக்காலம் தாங்காது. பயிற்றுநர் வகுப்புகள் எப்போது, எங்கு நடைபெறும் என்பதை மாவட்ட இளைஞர், விளையாட்டு அலுவலகத்தில் கேட்டறியலாம். செல்லும்போது அடையாள அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் உடன் கொண்டு செல்லுங்கள்.