தேயும் அணுவின் சாட்சி

 

படைப்பு என்றோ முடிந்த செயலா, இன்றும் நிகழும் செயலா என்பது கவிஞர்க்கும் அறிவியலார்க்கும் பொதுவான வினா. இதற்கு விடை காண அறிவியலார் நிலைத்த பொருள்களை விடுத்து, அழியும் பொருள்களையே சாட்சிக்கு அழைத்தனர்.

மாந்தர் குருதியில் ஓடும் இரும்பு விண்மீன்களில் விளைந்தது. ஆயினும் தான் பிறந்த காலத்தை அவ்விரும்பு உரைப்பதில்லை, அதற்கு மூப்பில்லை. கதிரியக்க அணுக்களின் கூட்டமோ இடையறாது தேய்வது. ஓர் அரைவாழ்வு கழிந்தால் பாதி எஞ்சும். மறு அரைவாழ்வில் காற்பகுதி எஞ்சும். குறுகிய வாழ்வுடைய அணு விண்ணில் காணப்படின், அஃது அண்மையில் பிறந்தது என்பது உறுதி.

டெக்னீசியம் என்னும் தனிமத்தின் எவ்வடிவத்திற்கும் அரைவாழ்வு ஐம்பது இலட்சம் ஆண்டுகளை எட்டுவதில்லை. 1952-இல் பால் மெரில் சில முதிய செவ்விண்மீன்களின் ஒளியில் அதன் தடயத்தைக் கண்டார். அவற்றின் அகவையோ பல கோடி ஆண்டுகள். ஆதலின் அத்தனிமம் விண்மீனுக்குள்ளேயே உருவாகிறது என்பது தெளிவாயிற்று.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியும் சான்று பகர்ந்தது. அலுமினியம்-26-இன் அரைவாழ்வு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள். அது தேயும்போது எழும் காமாக் கதிரை 1979-இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள் பதிவு செய்தது. 2002-இல் ஏவப்பட்ட 'இன்டெக்ரல்' என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோளின் பதிவுகளை ஆய்ந்தோர், பால்வீதியில் பரவியுள்ள அவ்வணுக்களின் நிறை ஏறக்குறைய மூன்று கதிரவன்களுக்கு நிகர் என்று 2006-இல் கணித்தனர். பெருவிண்மீன்கள் இன்றும் அதனை ஈன்றுகொண்டிருக்கின்றன என்பதே இதன் பொருள்.

இரும்பு-60 மண்ணுலகிற்கே வந்து சேர்ந்தது. அதன் அரைவாழ்வு 26 இலட்சம் ஆண்டுகள். பூமி தோன்றியபோது இருந்தவை என்றோ தேய்ந்து மறைந்தன. எனினும் பசிபிக் கடலடிப் படிவில், இருபது முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்து படிந்த இரும்பு-60 உண்டென்பதை 2004-இல் மியூனிக் ஆய்வாளர் நிறுவினர். அருகில் வெடித்த விண்மீனின் துகள் அது. அண்டார்க்டிகாவில், இருபதாண்டுக்கும் குறைந்த அகவையுடைய பனி 500 கிலோவை உருக்கியபோதும் அவ்வணு எண்ணத்தக்க சிலவாய் அகப்பட்டது. இச்செய்தி 2019-இல் வெளியாயிற்று. விண்மீன் துகள் இன்றும் பொழிகிறது.

நிலையாமைக்குக் காஞ்சி என்று ஒரு திணையே வகுத்த மொழி தமிழ். அந்நிலையாமையே படைப்பு ஓயவில்லை என்பதற்குச் சான்றாகி நிற்கிறது. விண்மீனை உவமையாக மட்டும் கையாளும் வழக்கைக் கடந்து, இவ்வுண்மையையே பாடுபொருளாக்குதல் கவிஞர்தம் கடமை. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்திலிருந்து அப்பாடல் எழுக!