எலும்பு பேசும் புண்



மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றியது பழந்தமிழ். முதுகில் பட்ட புண் நாணத்திற்குரியது. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூறு பேசுகிறது. எழுத்துத் தோன்றுமுன் பட்ட புண்களைப் பாடப் புலவர் இல்லை. அவற்றை எலும்புகளே சொல்கின்றன.

எலும்பின் மொழிக்கும் இலக்கணம் உண்டு. உடைந்த விளிம்பு மழுங்கி வளர்ந்திருந்தால், அடிபட்டவர் பிழைத்தார் என்பது பொருள். விளிம்பு ஆறாமல், சாய்வாகவும் வழவழப்பாகவும் இருந்தால், அது இறப்பை ஒட்டி விழுந்த அடி. மண்ணுள் நெடுங்காலம் கிடந்து உலர்ந்த எலும்போ செங்குத்தாகவும் சொரசொரப்பாகவும் உடையும்.

வட ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில், ஏறத்தாழ 4,30,000 ஆண்டுகளுக்கு முந்திய மண்டையோடு ஒன்று 52 துண்டுகளாகக் கிடைத்தது. பொருத்திப் பார்த்தபோது இடக்கண்ணுக்கு மேலே இரண்டு துளைகள். வடிவம் ஒன்றே, அடி விழுந்த திசை வேறு. ஆறிய அடையாளம் இல்லை. ஆழ்குழியில் தவறி விழுந்தவருக்கு ஓரிடத்தில் ஒரே வடிவில் இரு காயங்கள் நேர்வது அரிது. ஒரே கருவியால் இருமுறை தாக்கிய கொலை என்று 2015இல் ஆய்வாளர் முடிவு கண்டனர்.

ஜெர்மனியின் தால்ஹைமில் 1983இல் வெளிப்பட்ட குழி இன்னும் கொடிது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் அதில் எறியப்பட்டவர் 34 பேர். அவருள் 16 பேர் சிறாரும் இளையோரும் ஆவர். மண்டையில் கண்ட துளைகள், அக்கால உழவர் மரம் செதுக்கிய கல் வாய்ச்சியின் முனையோடு பொருந்தின. வீடு கட்டிய கருவியே வீட்டாரைக் கொன்றது. அடிகளுள் பல பின்தலையில் விழுந்தவை. நம் மரபின் சொல்லில் அவை புறப்புண்களே. ஆயினும் அவற்றை நாணத்திற்குரியன என்று எந்த நா சொல்லும்? புறமுதுகு என்னும் சொல் போருக்கு வந்தவனுக்கு உரியது; உறங்கிய ஊருக்கு உரியதன்று.

ஈராக்கின் ஷானிதார் குகையில் 1957இல் கிடைத்த நியாண்டர்தால் மனிதர் ஒருவரின் இடக்கண் குழி நொறுங்கியிருந்தது; வலக்கை சூம்பியிருந்தது. காயமோ ஆறியிருந்தது. அதன்பின் அவர் பல்லாண்டு வாழ்ந்தார். பிறர் தாங்கியிராவிடில் அது இயலாது என்பர் அறிஞர்.

ஓங்கிய கையையும் தாங்கிய கையையும் எலும்பு ஒருங்கே காட்டுகிறது. விழுப்புண்ணைப் பாடிய மொழிக்கு, ஆற்றப்பட்ட புண்ணையும் பாடும் கடன் உண்டு. அக்கடன் இவ்வவையின் கவிஞர்களுடையது.