காணாமற்போன காசு



லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் அந்தப் பெண்ணை நமக்கு நன்றாகத் தெரியும். பத்துத் திராக்மாவில் ஒன்று தொலைந்துவிடுகிறது. விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறார். கிடைத்ததும் தோழியரையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு மகிழ்கிறார். ஒரு திராக்மா என்பது அன்றைய கூலியாளின் ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். ஏழை வீட்டில் அது சின்ன இழப்பு அல்ல.

எங்கள் பங்கிலும் ஒரு தாய் காசைத் தொலைத்தார். தம் அனுபவம் மற்றவருக்குப் பயன்படட்டும் என்று அவரே சொன்னதால் இன்று இதைப் பேசுகிறோம்.

அவர் வீட்டு மாதா சுரூபத்தின் அருகில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் இருந்தது. புனித அல்போன்சாவின் பிறப்பு நூற்றாண்டையொட்டி 2009இல் அரசு வெளியிட்ட நாணயம். ஒரு நாள் கைப்பேசியில் ஒரு வீடியோ: இந்த நாணயம் உங்களிடம் இருந்தால் ஐந்து லட்சம்! கீழே ஒரு வாட்ஸ்அப் எண். படம் எடுத்து அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது. "அம்மா, அம்மா" என்று மிகவும் மரியாதையான பேச்சு. பதிவுக் கட்டணம் 750 ரூபாய் என்றார்கள். கட்டினார். பிறகு ஜிஎஸ்டி 4,800. பிறகு ரிசர்வ் வங்கிச் சான்றிதழுக்கு 12,500. முத்திரை போட்ட கடிதம்கூட வந்தது. கடைசியாக, பணத்தைக் கொண்டுவரும் வண்டிக்குக் காப்பீடு 20,000. அதற்குச் சங்கிலியை அடகு வைத்தார். மொத்தம் 38,050 ரூபாய் போனபின் அந்த எண் அணைந்துவிட்டது.

இதில் நாம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அல்போன்சா நாணயமும், 2010இல் வந்த அன்னை தெரசா நாணயமும், 2012இல் வந்த வைஷ்ணவ தேவி நாணயமும் கடைக்கும் பேருந்துக்கும் கொடுத்து வாங்குவதற்காக வெளியிடப்பட்டவை. நம் உண்டியலைக் கொட்டினால் ஒன்றாவது கிடைக்கும். நாணயம் சேகரிப்பவர்கள் அரிதானதற்கும், தேயாமல் புதிதாக இருப்பதற்கும்தான் விலை கொடுப்பார்கள். பத்துக் கை மாறித் தேய்ந்த ஐந்து ரூபாய், ஐந்து ரூபாய்தான். இன்னொன்று, விற்பவர் பணம் கட்டுகிற வியாபாரம் எங்கே இருக்கிறது? மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போனால் சுங்கம் கட்டுவோம், சரி. மாட்டை வாங்க வந்தவருக்கே நாம் பணம் கொடுத்துவிட்டு வருவோமா?

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதியே அறிவித்துவிட்டது: பழைய நாணயம், பழைய நோட்டு விற்பனையில் தனக்குத் தொடர்பு இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவுமில்லை. வரியும் அப்படித்தான். யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு அனுப்புவது வரி ஆகாது.

விற்பதில் மட்டுமல்ல, வாங்குவதிலும் இதே கதைதான். கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818 என்று பொறித்து, இராமர் பட்டாபிஷேகம் போட்ட செம்பு வட்டுகளை ஆயிரக்கணக்கில் விலை சொல்லி இணையத்தில் விற்கிறார்கள். அப்படி ஒரு அரையணாவைக் கம்பெனி அடித்ததே இல்லை. எந்த மதத்தார் பக்தியானாலும் இவர்களுக்கு அது சரக்கு.

ஆனால் எங்களை உறுத்துவது வேறு. அந்தத் தாய் பதினோரு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. "வெளியே சொன்னால் வருமான வரிக்காரர்கள் வந்துவிடுவார்கள்" என்று அவனும் பயமுறுத்தி வைத்திருந்தான். கணவர் என்ன சொல்வார், படித்த மகள் என்ன நினைப்பாள் என்ற வெட்கம் இவருக்கு. கடைசியில் எங்களிடம் வந்து அழுதபோது, எங்கள் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "பேராசை பெருநஷ்டம்." அவர் தலை குனிந்துவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடியவரைப் பேராசைக்காரி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவரைப் பிடித்துக்கொள்வது நமக்கும் பழக்கமாகிவிட்டது. அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அந்தப் பதினோரு நாள்தான் திருடனுக்கு வேண்டியிருந்தது. 1930 என்ற எண்ணை உடனே அழைத்திருந்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நற்செய்திப் பெண் விளக்கேற்ற மறுவாரம்வரை காத்திருக்கவில்லை. அவர் காசு கிடைத்தபின் அக்கம்பக்கத்தாரை அழைத்தார். நாமோ தொலைந்த அன்றே அழைக்கவேண்டிய காலத்தில் இருக்கிறோம். அழைத்தால் வந்து நிற்கிற, பழமொழி சொல்லாத அக்கம்பக்கத்தாராகவும் இருக்கவேண்டும்.

புகார் தாமதமாகவே கொடுக்கப்பட்டது. பணம் இன்னும் திரும்பவில்லை. சங்கிலி அடகில்தான் இருக்கிறது. வட்டிக்கு மட்டும் அன்பியத்தார் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள்.

போன மாத அன்பியக் கூட்டத்தில் அவரே எழுந்து நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எனக்கும் அப்படித்தான்மா ஒரு போன் வந்துச்சு. ஏழாயிரம் கட்டினேன். வீட்ல இன்னும் சொல்லல" என்றார். அவர் உட்காருமுன் இன்னொரு பெண் தம் கைப்பேசியை எடுத்து, அன்று காலை வந்த செய்தியைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டத் தொடங்கினார்.